வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?



தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரிப்பீர்கள். "பாஸ்டருக்கு என்ன ஆச்சு? மெக்கானிக் ஷெட் வைக்கப் போறாரா?" என்று கேட்பீர்கள். கேளுங்க, பரவாயில்லை. இந்தச் செய்தியை நான் ஆராதனையில் பிரசங்கிக்க இரண்டு முறை ஆயத்தம் பண்ணி, இரண்டு முறையும் வெட்கப்பட்டு வேறு செய்தி கொடுத்துவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை நம்மில் யார் மறக்க முடியும்? ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அடையாறு இரு கரையும் புரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் வெள்ளக்காடாயிற்று. விமான நிலையத்தையே டிசம்பர் 6 வரை மூடிவைத்தார்கள். அதற்குப் பிறகு 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். புயல் கரையேறியது ஆந்திராவில் பாபட்லா பக்கம், நனைந்தது நாம். இந்த இரண்டு வெள்ளத்திலும் நம் சபை வேன் நனைந்தது. மந்தைவெளிப் பக்கத்தில் ஒரு சந்தில்தான் அதை நிறுத்துவோம். 2015-ல் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. 2023-ல் ஒன்றரை நாள்.

அதனால்தான் பாருங்கள், 2024 அக்டோபரில் மழை வரப்போகுது என்று சொன்ன உடனே, வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஜனங்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. சிலர் கிண்டல் பண்ணினார்கள். நான் பண்ணவில்லை. பட்டவனுக்குத்தான் தெரியும்!

சரி, தண்ணீர் வடிந்தது. நாம் என்ன செய்தோம்? வண்டியின் மேலே கழுவினோம். கண்ணாடியைத் துடைத்தோம். சீட்டை வெயிலில் காய வைத்தோம். பினாயில் தெளித்தோம். வெளியே பார்க்கிறவன் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும்படி ஆக்கினோம். அடியில் யார் குனிந்து பார்த்தது? நான் பார்க்கவில்லை.

பிரியமானவர்களே, வெள்ளத் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. சாக்கடை, வண்டல், எண்ணெய், குப்பை எல்லாம் சேர்ந்தது. அது வடியும்போது வண்டல் மாத்திரம் தங்கிவிடும். சேஸிஸ் இடுக்கில், மட்கார்டு மடிப்பில், கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி இருக்கிற தகட்டுக்குள், பம்பருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே காய்ந்தது மாதிரி தெரியும். உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பஞ்சு மாதிரி. இரும்பு துருப்பிடிக்க இரும்பும் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் போதும். அதோடு உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு.

உப்புக்கு நமக்கு என்ன குறைச்சல்? சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூரில் குடியிருக்கிற விசுவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி என்ன ஆகிறது, கேட் கொண்டி என்ன ஆகிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அலை உடைந்து தெறிக்கும்போது அந்த உப்பு காற்றில் ஏறி வந்து படிகிறது. படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் நம் வண்டியின் அடிப்பாகம் ராத்திரியெல்லாம் நனைந்துதான் இருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட் கொப்புளம் மாதிரி உப்பி எழும்புகிறது. கொப்புளத்தை நீங்கள் பார்க்கும்போது உள்ளே வேலை பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இராமேஸ்வரத்துக்குப் போனவர்கள் பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். 1914-ல் திறந்த பாலம். உப்புக்காற்றில் நின்ற இரும்பு. விடாமல் பெயின்ட் அடித்து, பார்த்துப் பார்த்துப் பராமரித்துத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் கட்டின புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தது. துருவையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் 1953-லிருந்து நடக்கிறது. படித்த விஞ்ஞானிகள் ஆயுசு முழுவதும் உட்கார்ந்து ஆராய்கிற காரியம் இது. நாம் குனிந்து பார்க்கக்கூட சோம்பல்படுகிறோம்!

இப்போது சாட்சிக்கு வருகிறேன். சாட்சி என்றால் ஜெயித்த கதை மட்டும்தான் சொல்வோம். இது தோற்ற கதை.

நம் சபை வேன் ஒரு பழைய மாருதி ஆம்னி. 2011-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். ஆம்னி வண்டி தயாரிப்பதையே 2019-ல் கம்பெனி நிறுத்திவிட்டது, நாம் நிறுத்தவில்லை. அதை ஓட்டுகிறவர் நம் டிரைவர் அண்ணன். அறுபது வயதைத் தாண்டினவர். சம்பளம் பெரிசாக ஒன்றுமில்லை, டீசெண்ட்டாக ஒரு தொகை கொடுக்கிறோம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. மிக்ஜாம் வெள்ளம் வடிந்த அந்த வாரமே அவர் என்னிடம் வந்து, "பாஸ்டர், ஒண்ணு சொல்லட்டுமா? வண்டிக்கு அடியில சேறு அப்படியே இருக்கு. ரெண்டு சனிக்கிழமை குடுங்க, நல்லா கழுவி, துரு சுரண்டி, ரெட் ஆக்சைடு அடிச்சுடறேன். பிரேக் பைப்பையும் ஒரு தடவை பார்க்கணும்" என்றார்.

எனக்கோ புதுவருஷ வாக்குத்தத்த ஆராதனை கண்ணுக்கு முன்னால் நின்றது. பகலில் தி. நகரில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம்தான் ஊழியம். ரெண்டு சனிக்கிழமை வேனை விட்டுவிட்டால் வயதான தாய்மார்களை யார் அழைத்துவருவது? அப்போது ஒரு கடையில் சொன்னார்கள்: "அண்டர்-பாடி கோட்டிங் அடிச்சுக் குடுத்துடறோம் சார், மூணு மணி நேரத்துல ரெடி. மேல பாலிஷும் போட்டுடலாம்." காணிக்கைப் பணத்தில் கொடுத்தேன். வேன் திரும்பி வந்தது. மேலே பளபள! அடியில் தார் பூசினது மாதிரி கன்னங்கரேல்! சபையார் எல்லாரும் "ஸ்தோத்திரம் பாஸ்டர், புது வண்டி மாதிரி இருக்கு" என்றார்கள். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

டிரைவர் அண்ணன் குனிந்து விரலால் ஒரு இடத்தைத் தட்டிப் பார்த்தார். "கழுவாம அடிச்சிருக்காங்க பாஸ்டர். சேத்து மேலயே அடிச்சிருக்காங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கமிட்டியில் உள்ள இரண்டு சகோதரர்களிடம், "தன் கையில வேலை குடுக்கலைன்னு அண்ணனுக்கு வருத்தம், அதான் குறை சொல்றார்" என்றேன். அந்த வார்த்தை அவர் காதுக்குப் போயிற்று. போகாமல் இருக்குமா? அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் காத்திருப்புக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. அண்ணனுக்குக் காய்ச்சல். நானே ஓட்டினேன். பின்னால் ஐந்து தாய்மார்கள், ஒரு சிறு பிள்ளை. அடையாறு திரு.வி.க. பாலத்தில் ஏறி இறங்குகிறேன். முன்னால் பஸ் நிற்கிறது. பிரேக்கை மிதித்தால் பெடல் உள்ளே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது! வண்டி நிற்க மனசில்லாமல் போகிறது. "இயேசுவே!" என்று சத்தமிட்டு கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நடைபாதை ஓரமாகக் கல்லில் உரசி நிறுத்தினேன். பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. ஒருவருக்கும் சிறு காயமும் இல்லை. தேவனுக்கே மகிமை! ஆனால் அன்றைக்கு எனக்கு வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொல்ல வரவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்து அடியில் பார்த்தான். பிரேக் ஆயில் போகிற இரும்புக் குழாய் சேஸிஸை ஒட்டிப் போகிறது. அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் கோட்டிங்கை நெம்பினான். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே சேறு. ஆறு மாதம் ஆகியும் ஈரம்! அந்தச் சேற்றுக்குள் குழாய் அரித்து ஊசி முனை அளவு ஓட்டை. இந்த வண்டிகளில் பிரேக் ஆயில் இரண்டு பாதையாகப் போகிறது, ஒன்று போனாலும் மற்றது கொஞ்சமாவது பிடிக்கும். அந்தக் கொஞ்சம் பிடித்ததால்தான் நான் இன்று இதை எழுதுகிறேன். மெக்கானிக் பையன் சொன்னான்: "சும்மா விட்டிருந்தாக்கூட கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும் சார். மூடி வச்சதாலதான் தெரியல."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. வேதத்தைத் திறந்தேன். லேவியராகமம் 14-ஆம் அதிகாரம். நம் பைபிள் காலேஜில் அந்தப் பகுதியை அரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள், பரீட்சைக்கு வராது என்று. வீட்டுச் சுவரில் வருகிற தோஷத்தைப் பற்றின பிரமாணம் அது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ பள்ளம் விழுந்தது போலத் தெரிந்தால், முதலில் யார் போய்ச் சொல்ல வேண்டும்? ஆசாரியன் வீடு வீடாக வந்து கண்டுபிடிப்பதில்லை. வீட்டுக்காரனே போய், 'ஐயா, என் வீட்டில் ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது' என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு ஏழு நாள் பூட்டி வைத்துப் பார்க்கிறார்கள். பரவியிருந்தால் அந்தக் கல்லையே பெயர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோகிறார்கள். சுவரை உட்புறம் முழுவதும் சுரண்டுகிறார்கள். வேறு கல் வைக்கிறார்கள். கடைசியாகத்தான் சாந்து பூசுகிறார்கள். வரிசையைக் கவனித்தீர்களா? டிரைவர் அண்ணன் சொன்ன அதே வரிசை! கழுவு, சுரண்டு, பிறகு பூசு. நான் முதல் இரண்டையும் விட்டுவிட்டுப் பூச்சுக்குக் காசு கொடுத்தவன். வண்டியில் மாத்திரமா அப்படிச் செய்தேன்? அந்த மனுஷனைப் பற்றிச் சொன்ன வார்த்தையையும் அப்படித்தானே மூடி வைத்தேன். ஆறு மாதமாக அவரைப் பார்க்கும்போதெல்லாம் "எப்படி இருக்கீங்க அண்ணே, கர்த்தர் நல்லவர்" என்று மேலே பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். காய்ச்சலோடு பாயில் படுத்திருந்தார். நான் என்ன பேசினேன் என்பது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். அவர் சொன்ன ஒன்றை மாத்திரம் எழுதுகிறேன்: "எனக்குக் கோபம் இல்ல பாஸ்டர். பயம்தான். ஞாயித்துக்கிழமை அந்த அம்மாங்களை ஏத்திக்கிட்டு வரும்போதெல்லாம் பயத்தோடதான் ஓட்டினேன்." அந்தப் பயத்தை அவர் என்னிடம் சொல்ல முடியாதபடி செய்தவன் நான். கமிட்டிச் சகோதரர்கள் இருவரையும் அடுத்த ஞாயிறே உட்காரவைத்து, நான் சொன்னது பொய் என்று சொன்னேன்.

பிறகு வேனை டிங்கரிடம் விட்டு, கோட்டிங்கை முழுவதும் சுரண்டி எடுத்தோம். அரித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்தோம். பிரேக் குழாய் எல்லாம் புதிது. அதுமுதல் வீட்டிலேயே அடிப்பாகத்தைக் கழுவ அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நம்மில் அநேகர் பைக், ஸ்கூட்டர், சின்னக் கார் வைத்திருக்கிறோம். உங்களுக்கும் பிரயோஜனமாக இருக்கும் என்று அதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலாவது, வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருந்தால், ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளே கம்பி வளைந்து இன்ஜினே போய்விடும். 2015-ல் எத்தனையோ பேர் 'ஓடுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பி லட்சக்கணக்கில் இழந்தார்கள். தள்ளிக்கொண்டோ, கட்டி இழுத்தோ ஷெட்டுக்குப் போகட்டும். ஆனால் சேற்றைக் கழுவுவதற்கு ஷெட்டில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது வண்டல் தண்ணீருக்கே போய்விடும். காய்ந்தால் களிமண் செங்கல்லாகிறது.

இரண்டாவது, தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: ஜாக்கியை மாத்திரம் நம்பி காருக்கு அடியில் ஒருபோதும் தலையை நுழைக்காதீர்கள். ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்குத்தான். அது சரிந்தால் கத்துவதற்கும் நேரம் இருக்காது. வாலிபத் தம்பிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். 'ரெண்டு நிமிஷம்தான்' என்று சொல்லாதீர்கள். வீட்டில் கழுவ அடியில் படுக்கவே தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் பி.வி.சி. குழாய் நாலு அடி வாங்குங்கள். ஒரு முனையை மூடி போட்டு அடையுங்கள். மேல்புறமாக வரிசையாகச் சின்ன ஓட்டைகள் போடுங்கள். மறுமுனையில் ஹோஸ் பைப்பை மாட்டுங்கள். மோட்டாரைப் போட்டு அந்தக் குழாயை வண்டிக்கு அடியில் தள்ளித் தள்ளி இழுத்தால் தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும். செலவு மிகக் குறைவு. அண்ணன் செய்த குழாய் நம் சபையில் இருக்கிறது, வேண்டியவர்கள் கேட்டு வாங்கிப்போகலாம், திருப்பிக் கொடுங்கள்!

வண்டி சூடாக இருக்கும்போது கழுவ வேண்டாம். சைலன்சர் ஆறட்டும். நாலு சக்கரத்தின் மேல்புறக் குழியில்தான் சேறு அதிகம், அங்கே நீளக்காம்பு பிரஷ் போட்டுத் தேயுங்கள். மட்கார்டு விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும்; அந்த மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தகடு கிழித்துவிடும். கதவுக்குக் கீழேயும் பக்கவாட்டுத் தகட்டின் அடியிலும் தண்ணீர் வடிகிற சின்னச் சின்ன ஓட்டைகள் கம்பெனியே வைத்திருப்பான். சேறு அடைத்து அவை மூடியிருந்தால் தகட்டுக்குள் குளம் கட்டி நிற்கும். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை உருவி அந்த ஓட்டைகளைக் குத்திவிடுங்கள். எங்கள் வேனில் முதல் ஓட்டையைக் குத்தினதும் ஒரு சொம்பு அழுக்குத் தண்ணீர் கொட்டினது. வெள்ளம் வந்து மாதக்கணக்கானபின்!

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதும் முக்கியம். கடற்கரைப் பக்கத்தில் நம் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே அடித்தால் என்ன பலன்? சேற்றைப் போர் தண்ணீரில் கழுவுங்கள், தோஷமில்லை. கடைசியாக ஒரு நாலைந்து பக்கெட் மெட்ரோ தண்ணீரையோ, பிடித்துவைத்த மழைத் தண்ணீரையோ விட்டு அலசுங்கள். 2019-ல் ஏரிகள் எல்லாம் வறண்டு குடத்தோடு லாரிக்கு ஓடினோமே, அதை மறக்காமல் அளவாக விடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற வேகமான வாட்டர் வாஷ் நல்லதுதான், ஆனால் வயர் இணைப்பிலும், சக்கர பேரிங்கிலும் நேராக அடிக்கச் சொல்லாதீர்கள். கரன்ட் வண்டி வைத்திருப்பவர்கள் அடியில் பேட்டரி இருப்பதால் கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் பார்த்தே செய்யுங்கள்.

பைக், ஸ்கூட்டருக்கு சென்டர் ஸ்டாண்ட் போதும். பின் மட்கார்டின் உட்புறம், ஸ்டாண்ட் ஸ்பிரிங், சைலன்சரின் அடி, இவைதான் முதலில் போகும். செயின் உள்ள வண்டியானால் கழுவின பிறகு துணியால் துடைத்து, அதற்கான ஆயில் விடுங்கள். இன்ஜின் ஓடும்போது செயினில் துணி வைக்காதீர்கள், விரல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பழைய மெக்கானிக்குகள் சிலர் இன்ஜினிலிருந்து எடுத்த கறுப்பு ஆயிலை அடியில் பூசச் சொல்வார்கள். வேண்டாம். ரப்பர் புஷ் எல்லாம் கெட்டுப்போகும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, அடுத்த மழையில் தெருவில் ஒழுகி மழைநீர் வடிகால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும் அடையாற்றுக்கும் போகும். ஏற்கெனவே அந்த ஆறு படுகிற பாடு போதாதா?

கழுவினவுடன் கவர் போட்டு மூடாதீர்கள். இரண்டு தெரு மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவையுங்கள். அன்று ராத்திரி ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டால் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தெரிகிற இடத்தில் வயர் பிரஷ், அதன் பிறகு உப்புத்தாள், அதன் பிறகு ரெட் ஆக்சைடு, கடைசியாகத்தான் பெயின்டோ கோட்டிங்கோ. கோட்டிங் கெட்டது என்று நான் சொல்லவில்லை. புது வண்டிக்கு, சுத்தமான இரும்பின் மேல் அடித்தால் அது நல்ல பாதுகாப்பு. பிரேக் குழாயிலோ தரைத் தகட்டிலோ துரு தெரிந்தால் நீங்களே கைவைக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கடற்கரைப் பக்கம் உள்ளவர்கள் மாதம் ஒரு தடவை அலசுங்கள். மற்றவர்கள் மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் ஒரு தடவை. கனடாவில் டொராண்டோவில் இருக்கிற நம் தமிழ் ஜனங்களைக் கேளுங்கள்; பனியைக் கரைக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், அதனால் குளிர்காலத்தில் வண்டியின் அடியைக் கழுவுவது அங்கே பல் தேய்ப்பது மாதிரி.

இனி ஒன்று. அடிப்பாகத்துக்கு ஏன் இவ்வளவு அழுக்கு? அது ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால். கூரை அழுக்காவதில்லை, ரோட்டைத் தொட்டுக்கொண்டு நம்மைச் சுமக்கிற பாகம்தான் அழுக்காகிறது. யோவான் 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சீஷர்களுடைய எந்தப் பாகத்தைக் கழுவினார்? தலையை அல்ல, கையை அல்ல. நடந்துவந்த பாதத்தை. பேதுரு முதலில் கூடவே கூடாது என்கிறான். ஆண்டவர் பதில் சொன்னதும், அப்படியானால் கையையும் தலையையும் கழுவும் என்கிறான். ஒன்று வேண்டாம், இல்லாவிட்டால் எல்லாம் வேண்டும்! நம்மைப் போலவே இருக்கிறான். குளித்தவனுக்குப் பாதம் கழுவினால் போதும் என்று ஆண்டவர் அவனுக்குப் புரியவைக்கிறார். இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, அபிஷேகம் பெற்றவன்தான் நான். ஆனாலும் வீட்டுக்கும் ஆபீசுக்கும் சபைக்கும் நடக்கிறேனே. பாதம் அழுக்காகிறது. ஒரு சகோதரனைப் பற்றி லேசாக ஒரு வார்த்தை, கமிட்டியில் ஒரு சின்னப் பொய். அதற்காக நான் மறுபடியும் முழங்கவேண்டிய கூட்டம் ஒன்றும் நடத்த வேண்டியதில்லை. குனிந்து பார்க்க வேண்டும், போய்ச் சொல்ல வேண்டும்.

போன டிசம்பரில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை, அண்ணனும் நானும் வேனைக் கழுவினோம். நான் குழாயைத் தள்ளினேன், அவர் குந்தி உட்கார்ந்து ஈர்க்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினார். வடிந்த சேறெல்லாம் அவர் காலில்தான். முடிந்தபோது ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணீர் மீதி இருந்தது. செருப்பை மாட்டப் போனவரை நிறுத்தி, "காலை நீட்டுங்க அண்ணே" என்றேன்.

"ஐயோ, வேணாம் பாஸ்டர், நீங்க போய்..." என்று பின்னால் நகர்ந்தார்.

நான் மக்கில் மொண்டு நின்றுகொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு வேஷ்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சரி, சீக்கிரம் ஊத்துங்க, பஸ்ஸு போயிடும்" என்றார்.